யாரும் கேட்காத கடிகாரம்

"நாம பாக்காதப்ப கடிகாரம் ஓடுமா, இல்ல நின்னுடுமாம்மா?"

மகள் இதைக் கேட்டபோது அதற்கு நாலு வயது. தட்டுக்கு முன்னால் உட்காராமல், சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சட்டென்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பும்போதெல்லாம் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனாலேயே அதன் மேல் குழந்தைக்குச் சந்தேகம் கூடியது. "எல்லாம் ஓடும், நீ வாயைத் திற" என்று சொல்லி ஒரு கவளத்தை உள்ளே தள்ளினாள் அம்மா. இப்போது மகள் தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்க்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். அப்படிக் கேட்டதுகூட அவளுக்கு நினைவில்லை. தாய்க்குத்தான் அந்தக் கேள்வி பிழைப்பாகிப் போனது.

அவள் பார்ப்பது டிரைவர் வேலை. மாமியார் இதைத் தெரிந்தவர்களிடம் அப்படியே சொல்ல, "பஸ்ஸா, லாரியா?" என்று அவர்கள் கேட்க, வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்ததுண்டு. ஒரு கருவிக்குள் இருக்கிற சின்னச் சின்ன உறுப்புகளை, திரையோ பொத்தானோ பிரிண்டரோ, அதனதன் பாஷையில் பேசி வேலை வாங்குகிற நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அந்த உறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாக் உண்டு. மணி காட்டுகிற கடிகாரம் அல்ல அது. நாடியைப் போல விடாமல் அடிக்கிற ஒரு மின்துடிப்பு. துடிப்பு வரும்வரை உறுப்புக்கு உயிர், நின்றால் கட்டை. வேலை தொடங்கும்போது டிரைவர், "எனக்குக் கிளாக் வேண்டும்" என்று கெர்னல் என்கிற தலைமை நிரலிடம் கேட்க வேண்டும். முடிந்ததும் "போதும்" என்று சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் கெர்னல், எந்தத் துடிப்பை எத்தனை பேர் கேட்டு வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். கேட்டவர் எல்லாரும் போதும் என்றதும் நிறுத்திவிடும். யாருக்கும் வேண்டாத நேரத்தில் ஓடுகிற கிளாக் பேட்டரியைத் தின்னும். அதைக் கண்டுபிடித்து நிறுத்துவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

அந்தச் சம்பளத்துக்கு இப்போது ஆபத்து. அவர்கள் அலுவலகம் பேருந்துக் கண்டக்டர்களுக்கான டிக்கெட் மெஷின் செய்கிறது. கையில் அடங்குகிற பெட்டி. பயணி கார்டைத் தட்டினால் சீட்டு வெளியே வரும். சோதனைக்காகச் சில பேருந்துகளில் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அவள் வேலைக்குப் போகிற பேருந்திலும் ஒன்று இருந்தது. மதியம் தாண்டினால் அது படுத்துவிடும் என்பதை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். ஒரு நாள் சீக்கிரம் வீடு திரும்பியபோது, கண்டக்டர் அதைத் தொடையில் இரண்டு தட்டு தட்டி, காதில் வைத்துக் கேட்டு, "மறுபடியும் மண்டையைப் போட்டுருச்சு. இந்தப் பெட்டியைச் செஞ்ச புண்ணியவான் மட்டும் என் பஸ்ல ஏறட்டும், நின்னுக்கிட்டேதான் வரணும்" என்றார். பயணிகள் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே கொஞ்சம் சுருங்கி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேனேஜருக்கு அலுவலகத்தில் 'மீட்டர்' என்று பெயர். கையில் எப்போதும் மின்சாரம் அளக்கிற மீட்டர் இருக்கும். மனிதர்களைப் பார்க்கிறபோதும் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பவர் போலத்தான் பார்ப்பார். அந்த வாரத்தின் தொடக்கத்தில் அவர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "பேட்டரி ஷிஃப்ட் முடியிற வரைக்கும் நிக்கணும். நிக்கலைன்னா மெஷின் மொத்தமும் திரும்பி வந்துரும். நின்னுச்சுன்னாலும் ஒண்ணு சொல்லிடறேன். இனிமே இந்த புராஜெக்டுக்கு ரெண்டு டிரைவர் ஆளு தேவையில்ல. ஒருத்தர் போதும்."

இரண்டு பேரில் ஒருத்தி அவள். கார்டைப் படிக்கிற ரீடர் அவள் பொறுப்பு. இன்னொருவர் பிரிண்டரைப் பார்ப்பவர். அவருக்குப் 'பூனை' என்று பெயர். மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொண்டு ஓசையே இல்லாமல் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். திரும்பிப் பார்த்தால் நம்மைவிட அவர்தான் அதிகம் திடுக்கிடுவார். நாளெல்லாம் பேசுவது நாலு வார்த்தை. இதுவரை அவள் அவரைப் பற்றி நல்லதும் நினைத்ததில்லை, கெட்டதும் நினைத்ததில்லை. மேனேஜர் "ஒருத்தர் போதும்" என்று சொன்ன நிமிடத்திலிருந்து நினைக்கத் தொடங்கினாள்.

நினைக்கத் தொடங்கிவிட்டால் கண்ணுக்கு எல்லாம் தட்டுப்படும். அவள் அந்தப் பக்கம் போனால் பூனை திரையில் இருந்ததைச் சட்டென்று மாற்றினார். ஒருமுறை மாற்றுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள்: அது அவருடைய பிரிண்டர் நிரல் இல்லை, அவளுடைய ரீடர் நிரல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனார். போகும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனார். ஒருவருக்கு நம் மேல் அன்பு இருக்கிறது என்று நம்புவதற்கு நூறு அத்தாட்சி கேட்கிற மனம், பகை இருக்கிறது என்று நம்ப ஒரு பார்வையே போதும் என்கிறது. அவளும் மனுஷிதானே.

போதாததற்கு டெஸ்டிங் அக்கா இருந்தாள். நாள் முழுக்க மெஷினில் கார்டைத் தட்டித் தட்டிச் சோதிப்பது அவள் வேலை. "தட்டித் தட்டி என் விரல்ரேகையே தேஞ்சு போச்சும்மா. இனிமே நான் கொலையே பண்ணாலும் போலீசால பிடிக்க முடியாது" என்பாள். நல்ல மனசு, ஆனால் காதில் விழுந்ததை வாயில் அடைத்து வைத்துக்கொள்ளத் தெரியாது.

"நேத்து பூனை மீட்டர் ரூம்ல ரொம்ப நேரம் இருந்துச்சு, கவனிச்சியா?"

"என்னவாம்?"

"யாருக்குத் தெரியும்? கதவு சாத்தியிருந்துச்சு. வெளிய வரும்போது மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலப்பா. நீ உஷாரா இருந்துக்க, அவ்வளவுதான்."

அன்றைக்கே அவள் மெஷினைக் கணினியோடு இணைத்து, தூங்கப்போகிற நேரத்தில் அதன் கிளாக்குகள் என்ன செய்கின்றன என்று கெர்னலிடம் கேட்டாள். வரிசையாகச் சொன்னது. திரைக்கு யாரும் கேட்கவில்லை, நின்றிருக்கிறது. பொத்தான்களுக்கும் அப்படியே. பிரிண்டரும் போதும் என்று சொல்லிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் விழித்திருந்தது. கார்டு ரீடரின் கிளாக். பிள்ளை விழித்திருந்தால் தாய் தூங்க முடியுமா? அந்தத் துடிப்பைத் தருகிற தாய்க் கிளாக்கும் விழித்திருந்தது. அதற்கு மேலே இருப்பதும் விழித்திருந்தது. ஒரே ஒரு சின்ன உறுப்புக்காக வீடு முழுக்க விளக்கை எரியவிட்டுத் தூங்காமல் கிடந்தது மெஷின். பேட்டரி மதியத்தில் மண்டையைப் போட்டதில் ஆச்சரியமில்லை.

அந்த ரீடர் கிளாக்கை எத்தனை பேர் கேட்டு வைத்திருக்கிறார்கள்? எண்ணிக்கையைப் பார்த்தாள். ஒன்று. யாரோ ஒருவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு விடாமல் இருக்கிறார். யார் என்று தேடிப்போனால், பிரிண்டர் டிரைவர். பூனை எழுதியது. மெஷின் எழுந்ததும் முதல் காரியமாக ரீடரின் கிளாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அணையும் வரை விடுவதில்லை. ஒரே ஒரு வரி.

பிரிண்டருக்கு எதற்கு ரீடரின் துடிப்பு? சமையலறைக் குழாயைத் திறந்துவைத்து ஒருவன் பூச்செடிக்கா தண்ணீர் ஊற்றுவான்? அவளுக்கு எல்லாம் ஒரு நொடியில் கோவையாகப் புரிந்தது போல இருந்தது. பேட்டரி தீர்கிறது. தேடினால் விழித்திருப்பது ரீடரின் கிளாக். ரீடர் யார் பொறுப்பு? அவள் பொறுப்பு. வெளியே அனுப்ப வேண்டியது யாரை என்று மேனேஜர் யோசிக்கவே வேண்டாம். ஒன்று என்றிருந்த அந்த எண்ணிக்கைக்குள் அவள் எதிரியைத் தேடினாள், கண்டுபிடித்தாள், நிறுத்திக்கொண்டாள். ரீடரை எழுதியவள் தானாயிற்றே, தன் பெயர் ஏன் அந்த எண்ணிக்கையில் ஒருபோதும் சேரவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவர் வேலை பார்த்த மருந்துக்கடை மூடிப்போய், இப்போது வேறொரு கடையில் அரைநாள் நிற்கிறார். மீதி நேரம் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"நேரா அந்த ஆளையே கேட்டுட வேண்டியதுதான?"

"கேட்டா ராத்திரியோட ராத்திரியா அந்த வரியை எடுத்துருவாரு. அப்புறம் என்கிட்ட என்ன அத்தாட்சி இருக்கு?"

"படிக்கட்டுல போய் போன் பேசறதெல்லாம் ஒரு குத்தமா?"

"பேசறது குத்தமில்ல. ஒளிஞ்சு பேசறாரே."

"கடை மூடினப்ப நானும்தான் உனக்குத் தெரியாம மாடிக்குப் போய் போன் பேசினேன். வேலை கேட்டுக்கிட்டு இருந்தேன். நீ பாத்திருந்தா என்ன நினைச்சிருப்ப?"

"கொன்னுருப்பேன்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். ஆனாலும் படுக்கப் போகுமுன் வழக்கம்போல் கண்ணை மூடி நின்றபோது, எல்லாருக்கும் நல்லது கொடு என்று வாய் முணுமுணுக்க, எல்லாரிலும் ஒருவரை மட்டும் மனம் தள்ளிவைத்தது அவளுக்கே தெரிந்தது. கடவுளிடம் கணக்குப் போட்டுக் கேட்டால் அவர் சிரிக்காமல் என்ன செய்வார்.

மறுநாள் தன் மேசையில் இருந்த மெஷினில் அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டுத் தூங்கவிட்டாள். மெஷினோடு இணைத்திருந்த மீட்டரின் முள் விழுந்தது. சும்மா விழவில்லை, மாடியிலிருந்து கல் விழுவது போல விழுந்து அடியில் கிடந்தது. இத்தனை மாதம் தேடியது ஒரு வரியில் கிடைத்துவிட்டது. வேறு எதையும் அவள் பார்க்கவில்லை. மெஷினை எழுப்பி ஒரு கார்டைத் தட்டிப் பார்க்கக்கூட இல்லை. பேட்டரியைத் தேடுகிறவர்களுக்கு முள் விழுந்தால் போதும், அந்த நேரத்தில் வேறு உலகம் கிடையாது. மெஷினை அப்படியே மேசையில் விட்டுவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் அவள் குறித்து வந்த மீட்டர் எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க இருந்துச்சு?"

"பிரிண்டர் டிரைவர்ல சார். ரீடரோட கிளாக்கைப் பிடிச்சு வச்சிருக்கு. எதுக்குன்னு எனக்குத் தெரியல." கடைசி வாக்கியத்தை எவ்வளவு சாதுவாகச் சொன்னாள் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"அப்படியா சேதி" என்றார் மேனேஜர். "வெள்ளிக்கிழமை எல்லாரையும் உக்கார வச்சுப் பேசுவோம். அதுவரைக்கும் வெளிய விட வேணாம். ஞாயித்துக்கிழமை பேட்டரி ஓட்டத்துக்கு அவனையே போடறேன். ஷிஃப்ட் முழுக்க உக்காந்து தட்டட்டும். செஞ்சவனுக்குத்தான் வலிக்கணும்."

பேட்டரி ஓட்டம் என்றால், ஒரு கண்டக்டரின் ஷிஃப்ட் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் ஒரு ஆள் மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்து, பயணிகள் ஏறுவது போலக் கார்டைத் தட்டி, சீட்டை எடுத்து, மெஷின் தூங்கக் காத்திருந்து, மறுபடியும் தட்டுவது. விடுமுறை நாளில் யாருக்கும் பிடிக்காத வேலை. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி வந்தது. வந்ததை மறுக்க முடியாது.

மதியம் பூனை படிக்கட்டுப் பக்கம் போனபோது இவளும் பின்னால் போனாள். தண்ணீர் பிடிக்கப் போகிறவள் போலப் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். கதவு ஒருக்களித்திருந்தது. பூனை கடைசிப் படியில் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லடா கண்ணா, ஞாயித்துக்கிழமை அப்பாவால வர முடியாது போல... ஆபீஸ்ல போட்டுட்டாங்க... முன்னாடியே கேட்டேன், சரின்னுதான் சொன்னாரு, இப்ப மாத்திட்டாரு... தெரியும், மாசத்துல ஒரு நாள்தான் ஹாஸ்டல்ல விடுவாங்கன்னு தெரியும்... டீச்சர்கிட்ட போனைக் குடு... வேணாமா? சரி. அழக் கூடாது. நீ பெரிய பையன்ல?"

பிறகு போனைக் காதில் வைத்தபடியே இருந்தார். மறுமுனையில் யாரோ அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர் இருக்கிற விதம் அது. அவள் பாட்டிலில் தண்ணீர் பிடிக்காமலே திரும்பினாள். அன்றைக்குச் சாத்திய கதவுக்குப் பின்னால் மேனேஜரிடம் அவர் கேட்டது இந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் போலிருக்கிறது என்று தோன்றியது. தோன்றியதை உடனே அடக்கினாள். பிள்ளை மேல் பாசமாக இருக்கிறவன் கூட வேலை செய்கிறவளுக்குக் குழி பறிக்க மாட்டான் என்று சட்டமா இருக்கிறது? அப்படியும் நடக்கும். நடப்பதைத்தான் தினமும் பார்க்கிறோமே. இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நெஞ்சில் என்னவோ ஒன்று மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

டெஸ்டிங் அக்கா அவள் மேசையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த மெஷின்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? உன் பெட்டி ஊமையாயிருச்சு. எத்தனை தட்டு தட்டறேன், ஒரு பீப் இல்ல."

அவள் வாங்கித் தட்டிப் பார்த்தாள். திரை எரிந்தது. பொத்தான்கள் வேலை செய்தன. ரீடர் மட்டும் செத்துக் கிடந்தது.

"இது புதுசில்லையே" என்றாள் டெஸ்டிங் அக்கா. "முதல் டெமோ அன்னைக்குக் காலையிலயும் இப்படியேதான் கெடந்துச்சு. நீ இல்ல அப்ப. உங்கப்பாவை ஆஸ்பத்திரியில வச்சிருந்தீங்களே, அந்த நேரம். மீட்டர் குதிக்கிறாரு. கஸ்டமர் கீழ வந்து நிக்கிறாங்க. யாரு ரீடரைத் தொட்டதுன்னு ஒரே கத்தல். உனக்குப் போன் போடுங்கறாரு. பூனைதான், 'வேணாம் சார், அவங்களைக் கூப்பிட வேணாம், ரீடர் நல்லாத்தான் இருக்கு, என் பிரிண்டர்ல ஒரு சின்ன வேலை பாக்கி, அதான்'னுச்சு. உக்காந்து என்னவோ தட்டுச்சு. எழுந்துக்கிச்சு. அப்புறம் மீட்டர் அதைப் போட்டு வாங்கின வாங்கு இருக்கே, எனக்கே பாவமாயிருச்சு. சொல்லலையா உன்கிட்ட?"

"சொல்லல."

"அது என்னைக்கு எதைச் சொல்லியிருக்கு!"

டெஸ்டிங் அக்கா போன பிறகு, அவள் தான் எழுதிய ரீடர் நிரலைத் திறந்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு வீட்டில் தொலைத்த சாவியைத் தேடுவது போலத் தேடினாள். கிளாக் வேண்டும் என்று அவள் எங்கேயும் கேட்கவே இல்லை.

கேட்காமலே வந்துகொண்டிருந்ததுதான் காரணம். அந்த நாட்களில், மெஷின் எழும்போது எல்லாத் துடிப்புகளும் திறந்தே இருந்தன; யாரும் கேட்காததையும் நிறுத்த வேண்டாம் என்று கெர்னலுக்கு ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள், வேலை நடக்கட்டும் என்று. அவள் ரீடரை எழுதினாள், அது ஓடியது, நல்லது என்று எழுந்து போனாள். டெமோவுக்கு முந்தைய நாள் பேட்டரிக்காக மேனேஜர் அந்த அமைப்பை எடுத்திருக்க வேண்டும். மறுநாள் காலை மெஷின் எழுந்ததும், யாரும் கேட்காத கிளாக்குகளைக் கெர்னல் ஒவ்வொன்றாக நிறுத்தியிருக்கும். எல்லா டிரைவரும் முறையாகக் கேட்டிருந்தன, அவளுடையதைத் தவிர. தினமும் தானாக விடிவதால் விடியலுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அவளும் அப்படித்தான் இருந்திருக்கிறாள். கீழே கஸ்டமர் காத்திருக்க, அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவின் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த வேளையில், அவளுக்காகக் கேட்க அங்கே ஒருவர் இருந்திருக்கிறார். அவள் நிரலைத் தொட்டால் அவள் பிழை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று, தன் நிரலில் கேட்டு வைத்திருக்கிறார்.

இப்போது அவர் அவள் நிரலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது எதற்கு? தன் வரியை எடுக்கவும் முடியாமல், அவளிடம் சொல்லவும் முடியாமல், வேறு வழி தேடிக்கொண்டிருந்தாரோ என்னவோ. அதை அவள் கேட்கப்போவதில்லை. இனிமேல் எந்த முகத்தோடு கேட்பது?

வெள்ளிக்கிழமை எல்லாரும் உட்கார்ந்தார்கள். மேனேஜர் மீட்டரை மேசை நடுவில் வைத்தார், சாட்சியை நிறுத்துவது போல. "சொல்லுங்கம்மா, எங்க ஒழுகுதுன்னு."

முந்தின நாளெல்லாம் அவள் மனதில் நல்ல நல்ல வாக்கியங்களாகச் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றை விட்டுவிட்டு நேராகச் சொன்னாள்.

"என்கிட்டதான் சார். ரீடர் டிரைவர்ல நான் கிளாக்கே கேக்கல. ஆரம்பத்துல இருந்தே. பிரிண்டர்ல அந்த வரி இல்லைன்னா டெமோ அன்னைக்கே ரீடர் செத்திருக்கும். நான் பாக்காம உங்ககிட்ட வந்து தப்பாச் சொல்லிட்டேன். இப்ப திருத்திட்டேன். கார்டு வர்றப்ப மட்டும் கேட்டு வாங்கி, படிச்சதும் விட்டுரும். அந்த வரி இனிமே வேணாம்."

பூனை மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நானும் சொல்லியிருக்கணும் சார். அவங்க திரும்பி வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். வந்தப்ப அப்பா இல்லாம வந்தாங்க. அப்புறம் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம்... விட்டுப் போச்சு."

"உங்க ரெண்டு பேரோட நல்ல மனசுக்கும் நடுவுல என் பேட்டரி செத்துச்சு" என்றார் மேனேஜர். "அன்னைக்கு அவன் பொய். முந்தாநாள் நீங்க பொய். இன்னைக்குச் சொல்றது மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்பறது? யார் இருக்கப்போறீங்க, யார் போகப்போறீங்கன்னு திங்கட்கிழமை பேசுவோம்."

வெளியே வந்ததும் டெஸ்டிங் அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்கென்ன கிறுக்கா? தானாப் போய்க் கழுத்தை நீட்டற? வேலை போனா வீட்டுல என்ன பண்ணுவ?"

"தெரியலக்கா" என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை. வீட்டில் கணவனிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. ஆனால் அந்த மீன் முள் போயிருந்தது.

மாலையில் மேனேஜர் தனியாக இருந்த நேரம் பார்த்து உள்ளே போனாள். "ஞாயித்துக்கிழமை ஓட்டத்துக்கு நான் உக்காறேன் சார்."

மேனேஜர் அவளை நிதானமாகப் பார்த்தார். முள் எங்கேயும் நிலைக்கவில்லை போலிருக்கிறது. "எதுக்கு? இன்னும் எதையாவது மூடி மறைக்கணுமா?"

சுருக்கென்றது. தன் கண்ணும் இதே மாதிரிதானே ஒரு மனிதர் மேல் இத்தனை நாளாகப் படிந்திருந்தது என்று நினைத்துக்கொண்டாள். "என் திருத்தம் சார். நானே தட்டிப் பாத்தாதான் நிம்மதியா இருக்கும்."

"எப்படியோ போங்க. ரெண்டு பேரும் எதுக்கு? அவனை வர வேணாம்னு சொல்லிடறேன்."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து அவள் பார்த்தாள். மேனேஜர் வாசலில் நின்று ஏதோ சொன்னார். பூனை எழுந்து நின்று கேட்டார். முகத்தில் முதலில் பயம்தான் வந்தது. ஒரு ஆளை வேண்டாம் என்று சொன்னால் என்ன அர்த்தமோ என்ற பயம். அவள் இருக்கிற திசையில் ஒரு முறை பார்த்தார். அவள் திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். பார்த்ததில் நன்றி இல்லை, சந்தேகம்தான் இருந்தது. இருக்கட்டும், அதை அவர் வைத்துக்கொள்ளட்டும். பிறகு அவர் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார். தட் தட்டென்று படியிறங்குகிற ஓசை இந்த மேசை வரைக்கும் கேட்டது. இத்தனை வருடத்தில் அந்த மனிதரின் காலடி ஓசை காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் யாரும் இல்லை. அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு, மேசையைத் துடைத்து, மெஷினை நடுவில் வைத்தாள். தொடங்குமுன் கண்ணை மூடி நின்றாள். இந்த முறை யாரையும் தள்ளிவைக்காமல் நிற்க முடிந்தது. தனக்கென்று தனியாக எதுவும் கேட்கத் தோன்றவில்லை, திங்கட்கிழமைக் கவலை திங்கட்கிழமைக்கு.

கார்டைத் தட்டினாள். பீப் என்றது. சீட்டு வந்தது. திரை மங்கி அணைந்தது. உள்ளே ரீடர் "போதும்" என்று சொல்லியிருக்கும். தாயும் அதற்கு மேலிருப்பதும் ஒவ்வொன்றாகக் கண்மூடியிருக்கும். முள் மெல்ல இறங்கி அடியில் சாய்ந்தது. காத்திருந்தாள். மறுபடியும் தட்டினாள். மெஷின் விழித்து, கேட்டு, வாங்கி, படித்து, விட்டுவிட்டுத் தூங்கியது. சாப்பாட்டு டப்பாவைப் பக்கத்தில் வைத்து ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் தட்டினாள். தோள் வலித்தபோது கையை மாற்றிக்கொண்டாள். ஊரில் எங்கேயோ ஒரு ஹாஸ்டல் வாசலில் ஒரு பையன் இந்நேரம் யார் கையையாவது பிடித்து இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பான். போகாமலும் இருக்கலாம், பேருந்து தாமதமாகியிருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியில்லை.

வெயில் மேசையை விட்டு இறங்கித் தரையில் நீண்டது. கிழிக்கப்படாத சீட்டுகள் ஒன்றோடு ஒன்று தொடர்ந்து, மேசை விளிம்பைத் தாண்டி, நாற்காலிக் காலைச் சுற்றி, காற்று வந்தபோது லேசாக அசைந்துகொண்டு கிடந்தன. திரை அணைந்தது. முள் படுத்தது. அவள் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது நன்றாகத் தூங்கட்டும் என்று காத்திருந்தாள்.